நாலு டயரும் நாகர்கோவில் கல்யாணமும்

நாகர்கோவிலில் என் மைத்துனிக்குக் கல்யாணம். 2025-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் முகூர்த்தம். ரெயிலில் இடம் கிடைக்கவில்லை. கல்யாண மாதத்தில் தென்கோடிக்குப் போகும் ரெயிலில் இடம் பிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நேயர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான், என் மனைவி, என் தாயார், பையன், பெண் ஆக ஐந்து பேர். போதாதற்கு ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, ஒரு பித்தளை அண்டா, பெயர் தெரியாத சில மூட்டைகள்.

"வீட்டில்தான் கார் இருக்கிறதே!" என்றேன், ரொம்பத் தாராளமாக.

எங்கள் கார் 2018-இல் வாங்கியது. ஏழு வருஷத்தில் அது ஓடியது இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான். காரியாலயத்துக்கு நான் மெட்ரோ ரெயிலில் போகிறவன். கார் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்து, வாசல் வெயிலில் நின்றபடி மிச்சம் ஆறு நாளும் தூங்கும். ஆகவே, வண்டி புத்தம் புதிது என்பது என் எண்ணம். இந்த எண்ணத்தை உடைத்தவன் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் ஒரு பையன்.

"எங்கே சார் பிரயாணம்?" என்றான்.

"நாகர்கோவில்."

பையன் டயரின் பக்கவாட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான். "இது தாம்பரம் வரைக்கும் போகும் சார்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏனப்பா, பட்டன் பாதிக்குமேல் இருக்கிறதே!" என்றேன். (டயரின் முகத்தில் இருக்கும் மேடு பள்ளங்களுக்கு நம் ஊர்ப் பட்டறைகளில் 'பட்டன்' என்று பெயர். அது முழுக்கத் தேய்ந்தால் 'மொட்டை டயர்'.)

"பட்டன் இருக்கு சார். ரப்பர் செத்துப் போச்சு" என்றான் பையன்.

குனிந்து பார்த்தேன். பக்கவாட்டு முழுவதும், கோடையில் வறண்ட குளத்து மண் மாதிரி மெல்லிய வெடிப்புகள். ஏழு வருஷமாக நான் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியதே இல்லை.

வீட்டில் வந்து சொன்னபோது என் தாயார், "உன் அப்பா அம்பாஸிடர் வைத்திருந்தாரே, ஊருக்குக் கிளம்புமுன் நாலு டயரையும் ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். நீயும் உதைத்துப் பாரேன்" என்றாள். உதைத்தேன். கால் வலித்ததைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு

நேயர்களே, நீங்கள் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுக்குப் போயிருக்கிறீர்களா? மவுண்ட் ரோடு என்று வழங்கி வந்த அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் திரும்பும் தெரு அது. கார்க்காரர்களுக்கு அது 'ஜி.பி. ரோடு'. புடவைக்குத் தியாகராய நகர் எப்படியோ, காருக்கு ஜி.பி. ரோடு அப்படி. விளக்கு, கண்ணாடி, ஹாரன், இருக்கை உறை, ரப்பர் மிதியடி என்று ஒரு காருக்குச் செய்யக்கூடிய சகல அலங்காரமும் அங்கே நடக்கும். நடைபாதையில் ஆள் நடப்பது கஷ்டம். ஒரு கார் கதவைத் திறந்துகொண்டு நிற்கும், அதன் வயிற்றுக்குள்ளிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கால்களுக்குரியவர் பாட்டுப் பெட்டி பொருத்திக்கொண்டிருப்பார். நீங்கள் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாலே போதும், "சார், சீட் கவரா? சார், பிலிமா?" என்று நாலு பேர் கூடவே ஓடி வருவார்கள்.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில் டயர்க் கடைகள் மட்டும் சற்றுக் கம்பீரமாக இருக்கும். டயரை அலங்காரம் என்று யாரும் வாங்குவதில்லை அல்லவா? உள்ளே கரிய வளையங்கள் கூரை வரை நிற்கின்றன. புது ரப்பரின் வாசனை. சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் வாங்கிய புதுச் செருப்பு ஞாபகம் வந்தது.

முதல் கடையில் நுழைந்தேன். பெயர் வேண்டாம். "உங்கள் அதிர்ஷ்டம் சார், நாலு டயருக்கு ஆயிரத்தைந்நூறு தள்ளுபடி. இன்றைக்கு மட்டும்தான்" என்றார் கடைக்காரர். நானும் மகிழ்ந்து போய்ப் பையில் கைவிடப் போனேன். என் மனைவி, "நாலு கடை பார்க்காமல் நான் கத்தரிக்காய்கூட வாங்குவதில்லை" என்று சொல்லி என்னை வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

இரண்டாவது கடையில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். அவர் டயரைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. முதலில் எங்களை விசாரித்தார்.

"எத்தனை பேர் போவீங்க? மாசம் எத்தனை கிலோமீட்டர்? வண்டி வெயில்ல நிக்குதா, நிழல்லயா? மழைக்காலத்துல வெளியூர் போற வழக்கம் உண்டா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். டாக்டரிடம் சொல்வதைப் போல, கொஞ்சம் கூட்டியும் குறைத்தும்தான் சொன்னேன். பாய் எழுந்து வந்து எங்கள் பழைய டயரின் பக்கத்தில் குந்தினார். "சார், படிச்சவங்க நீங்க. ஆனா டயர்ல எழுதியிருக்கிறதை யாருமே படிக்கிறதில்லை" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம். டயரின் விலாவில் ஒரு முழு ஜாதகமே எழுதியிருக்கிறது. எங்கள் டயரில் இருந்தது: 185/65 ஆர் 15 88 எச். இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது விலாவின் உயரம்; அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு. 'ஆர்' என்றால் ரேடியல். உள்ளே நூல்கள் குறுக்கே ஆரக்கால் போல ஓட, அவற்றின் மேல் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றிய டயர். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அகலம் மில்லிமீட்டரிலும் ரிம் அங்குலத்திலும் ஏன் இருக்கிறதென்று கேட்காதீர்கள். பாயிடம் நான் கேட்டதற்கு, "பழக்கம் சார்" என்றார். 88 என்பது சுமைக் குறி; ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 'எச்' என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அந்த டயர் தாளும் என்று அர்த்தம். அந்த வேகத்தில் போக நமக்கு அநுமதி என்று அர்த்தமல்ல.

அப்புறம் ஒரு மூலையில், சிறு கட்டத்துக்குள் நாலு இலக்கம்: 1418. "இதுதான் சார் பிறந்த தேதி. 2018-ஆம் வருஷம், பதினாலாவது வாரம்" என்றார் பாய்.

ரப்பர் மரத்தின் பாலிலிருந்து வருவது. வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஓஸோனும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். இதைத் தடுக்க டயருக்குள் மெழுகு முதலான மருந்துகளைக் கலந்திருக்கிறார்கள். டயர் உருளும்போது, நெளியும்போது, அந்த மெழுகு கசிந்து மேலே வந்து ஒரு போர்வை மாதிரி படியும். நிற்கிற டயருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஓடாததனால் வண்டி புதிது என்று நான் நினைத்தேனே, உண்மையில் அது வெயிலில் சும்மா நின்று நின்றே கிழமாகிவிட்டது! ஐந்து வருஷம் ஆகிவிட்டால் வருஷா வருஷம் விஷயம் தெரிந்தவரிடம் டயரைக் காட்ட வேண்டும். பத்து வருஷத்துக்குமேல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது. எங்களுடையதைப்போல விலா வெடித்திருந்தால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே கழற்ற வேண்டியதுதான்.

பட்டனுக்கும் அளவு இருக்கிறது. பள்ளத்துக்குள் ஆங்காங்கே குட்டி வரப்பு மாதிரி ரப்பர் மேடு வைத்திருப்பார்கள். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த வரப்போடு சமமாகிவிட்டால் சட்டப்படி ஆயுள் முடிந்தது. "மழையில போறவங்க அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது சார். மூணு மில்லிமீட்டர்லயே மாத்திடணும். பள்ளம் எதுக்கு? தண்ணியை வெளியே தள்ளத்தான். தள்ள முடியலைன்னா வண்டி தண்ணி மேல மிதக்கும். நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கலாம்" என்றார்.

நான் அப்போது எழுந்து முதல் கடைக்குப் போய்வந்தேன். வாங்குவதற்கல்ல, படித்த பாடத்தைப் பரீட்சித்துப் பார்க்கத்தான். தள்ளுபடி டயரில் தேதியைத் தேடினேன். 1122. அதாவது 2022-ஆம் வருஷம் பதினோராவது வாரம். மூன்றரை வருஷம் கிடங்கில் கிடந்த சரக்கு! நிழலில் ஒழுங்காக வைத்த டயர் அதற்குள் கெட்டுப்போவதில்லை என்பது மெய்தான். ஆனால் அதன் ஆயுளில் மூன்றரை வருஷத்தை அவர் எடுத்துக்கொண்டு எனக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுக்கிறார். இந்த வியாபாரம் எனக்குக் கட்டவில்லை.

இரண்டா, நாலா?

இப்போது பணத்துக்கு வருவோம். பாய் நாலு டயருக்குச் சொன்ன விலை இருபத்திரண்டாயிரம் ரூபாய். 2025 செப்டம்பர் 22-இல்தான் டயர் மீதான ஜி.எஸ்.டி. வரியை 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைத்திருந்தார்கள். குறைந்த பிறகும் இருபத்திரண்டாயிரம். என் மைத்துனிக்கு அரைப் பவுனில் மோதிரம் போடுவதாக என் மனைவி மாதா மாதம் சேர்த்து வைத்திருந்தாள். அன்றைய தங்க விலையில் நாலு டயரும் ஏறக்குறைய கால் பவுன்!

"இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா?" என்று மெல்லக் கேட்டேன்.

"போதும். ஆனா புது டயர் ரெண்டையும் எங்கே போடுவீங்க?" என்றார் பாய்.

"இதென்ன கேள்வி? முன்னால்தான். எஞ்சின் இழுப்பது முன் சக்கரம், திரும்புவதும் முன் சக்கரம்."

பாய் சிரித்தார். ஊரில் பாதிப் பட்டறைக்காரர்களும் இப்படித்தான் சொல்வார்களாம். ஆனால் விஷயம் நேர்மாறானது. மழையில் முன் டயர் பிடி விட்டால் கார் திரும்பாமல் நேரே போகும். காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும். பின் டயர் பிடி விட்டாலோ, பிருஷ்டம் முன்னே வந்து வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். அதைத் திருத்துவதற்கு உங்களுக்கும் எனக்கும் சாமர்த்தியம் போதாது. ஆகவே, இரண்டு மட்டும் வாங்கினால் புதியவற்றைப் பின்னால் போட்டு, பின்னால் இருக்கும் நல்ல டயரை முன்னால் கொண்டு வர வேண்டும்.

"உங்க வண்டியில முன்னால கொண்டு வர நல்ல டயர் எது சார்?" என்று கேட்டுவிட்டுப் பாய் மௌனமாகிவிட்டார்.

அதற்குள் கடையில் இன்னொரு கூத்து. ஒரு வாலிபர் வந்திருந்தார். அவர் கார் டயர் 165/80 ஆர் 14. "எனக்கு அகலமாக வேண்டும். நண்பன் காரில் இருப்பதுபோல் 185/65 போடுங்கள், இதே ரிம்மில்" என்றார். பாய் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். அவருடைய டயரின் முழு உயரம் 620 மில்லிமீட்டர். பதினாலு அங்குல ரிம்மில் 185/65 போட்டால் 596. வண்டி குட்டையாகும், வேகமானி நூறு காட்டும்போது உண்மையில் 96-தான் போகும், ஓடாத கிலோமீட்டரை ஓடியதாகக் காட்டும். நண்பன் வைத்திருப்பது பதினைந்து அங்குல ரிம். அதில் 185/65 போட்டால் 621. "கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கான் தம்பி" என்றார் பாய். வாலிபருக்கு முகம் சுருங்கிவிட்டது. என்ன வாங்கினார் என்று நான் பார்க்கவில்லை.

நான் ஒரு மூலைக்குப் போய் என் மனைவியிடம் ரகசியமாக, "புதுப்பேட்டையில் பழைய டயர் பாதி விலைக்குக் கிடைக்குமாம்" என்றேன். எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தங்கரையில் இருக்கும் புதுப்பேட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரித்துப்போட்ட கார்களின் ஒவ்வோர் அங்கமும் அங்கே கிடைக்கும். கதவோ, கண்ணாடியோ, பம்பரோ வாங்க அது திவ்வியமான இடம். எனக்கே அந்த வட்டாரத்தின்மேல் ஒரு பிரியம் உண்டு. ஆனால் ஒரு பழைய டயர் எந்தப் பள்ளத்தில் விழுந்தது, காற்றில்லாமல் எத்தனை தூரம் ஓடியது என்பதை மேல்பார்வைக்கு யாராலும் சொல்ல முடியாது.

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மோதிரம் கால் பவுனாக இருக்கட்டும். அக்கா முழுசாக வந்து சேர்ந்தால் என் தங்கைக்குப் போதும்" என்றாள். அதோடு விவாதம் முடிந்தது.

எந்தக் கம்பெனி டயர் வாங்கினேன் என்று நான் சொல்லப் போவதில்லை. சென்னையைச் சுற்றியே திருவொற்றியூர், அரக்கோணம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று டயர் ஆலைகள் இருக்கின்றன. 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய ஸ்தாபனம்தான் 1961-இல் டயர் வார்க்கத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, இன்று எம்.ஆர்.எஃப். பெயர் பெற்ற எந்தக் கம்பெனியும் பல தினுசு டயர் போடுகிறது. கெட்டியான ரப்பர் அதிக தூரம் உழைக்கும். ஈரத்தில் பிடிமானம் கொஞ்சம் குறையலாம். மிருதுவான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். "வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டற உங்களுக்கு லட்சம் கிலோமீட்டர் டயர் எதுக்கு? தேயறதுக்கு முன்னாடி அது கிழமாயிடும். மழையில நிக்கிற டயரா வாங்குங்க" என்றார் பாய். அவருடைய முதல் நாலு கேள்விகளின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

பழைய டயரைக் கழற்றி வளைத்துக் காட்டினார்கள். வெடிப்புகள் வாய் திறந்தன. ஒன்றின் உட்புறத்தில் கோலிக்குண்டு அளவு ஒரு வீக்கம். உள்ளே நூல் அறுந்திருக்கிறதாம். அந்தச் சக்கரம் என் தாயார் உட்கார்கிற பக்கத்தினுடையது.

ஸ்டெப்னியை எடுத்தார்கள். ஒரு நாள்கூடத் தரையைத் தொடாத டயர். கன்னத்தில் கம்பெனி பூசிய வர்ணக்கோடுகூட அழியவில்லை. ஆனால் அதற்கும் அதே 1418 ஜாதகம்தானே? காற்று பன்னிரண்டு பவுண்டு இருந்தது. அவசரத்துக்குப் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக வைத்துக்கொள்ளலாம் என்று அதில் காற்றை நிரப்பிக் கொடுத்தார் பாய்.

புது டயரை ரிம்மில் ஏற்றி, இயந்திரத்தில் சுழற்றி, எடை குறைந்த இடத்தில் சின்னத் துண்டு ஒட்டிச் சமன் செய்தார்கள். பிறகு சக்கரங்களின் கோணத்தைச் சரி பார்த்தார்கள். இவ்விரண்டும் இல்லாவிட்டால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடுமாம். "நைட்ரஜன் காற்று அடிக்கட்டுமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்கு நைட்ரஜன்தான். அடித்தால் கெடுதல் இல்லை. அழுத்தம் சற்று மெதுவாகக் குறையும். நான் இனாம் காற்றே போதும் என்றேன். காற்று எத்தனை வேண்டும் என்பது டயரில் எழுதியிருப்பதல்ல; அது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்குரிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அதைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

தெற்கு நோக்கி

சென்னையிலிருந்து நாகர்கோவில் சுமார் எழுநூறு கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். தாம்பரத்தைத் தாண்டும்போது எனக்கு அந்தப் பெட்ரோல் பங்குப் பையனின் ஞாபகம் வந்தது. செங்கற்பட்டில் ஏரி விளிம்பில் விடிந்தது. விழுப்புரத்தில் காப்பி, திருச்சியில் காலை ஆகாரம், மதுரையில் சாப்பாடு. நாலு வழிச் சாலையில் ஊர்கள் எல்லாம் பெயர்ப் பலகையாகிவிட்டன. பிரயாணக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இது பெரிய நஷ்டம்.

சாத்தூரைத் தாண்டியதும் வானம் கறுத்தது. கரிசல் பூமியில் மழை வருவதை நெடுந்தூரத்திலிருந்தே பார்க்கலாம். வெள்ளைத் திரை ஒன்று வயலுக்குமேல் நடந்து வருகிறது. நாங்கள் அதற்குள் நுழைந்தபோது முன்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. வேகத்தை அறுபதுக்குக் குறைத்தேன். சாலையில் தண்ணீர் தகடு தகடாக நின்றது.

கோவில்பட்டிக்குச் சற்று முன்னால், நடுத்தடுப்பில் இருந்த இடைவெளியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளிப்பட்டது. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்ட ஒருவர், பின்னால் ஒரு பெண்மணி, நடுவில் குழந்தை. அவர் எங்களைப் பார்க்கவில்லை. நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தது என் கால்தான், யோசித்தது நானல்ல.

கால் அடியில் பிரேக் கடகடவென்று அதிர்ந்தது. டிக்கியில் குத்துவிளக்கு அண்டாவோடு மோதி 'ணங்' என்றது. கார் நேர்கோட்டில் நின்றது. மோட்டார் சைக்கிள் எங்கள் மூக்குக்கு முன்னால் நாலு முழ தூரத்தில் கடந்து போய்விட்டது. அந்தக் குழந்தை மட்டும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

ஐந்து பேரும் சாமானுமாக எங்கள் கார் ஆயிரத்து நானூறு கிலோ இருக்கும். அந்த எடை முழுவதும் பூமியைத் தொட்டுக்கொண்டிருப்பது நாலே இடத்தில். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். பழைய டயராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. காருக்குள் யாரும் பேசவில்லை. கயத்தாறு வந்த பிறகு என் தாயார், "மோதிரத்தை நான் அரைப் பவுனாக்கிப் போட்டுவிடுகிறேன்" என்றாள். இந்த உபகாரம் எனக்காகவா, மருமகளுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

பால் சொட்டும் மரம்

கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாட்டைப் பற்றி எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். கல்யாணத்துக்கு மறுநாள், என் மனைவியின் தாய்மாமன் எங்களைக் குலசேகரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அவருக்கு மூன்று ஏக்கர் ரப்பர்த் தோட்டம்.

ரப்பர்க் காடு மற்றக் காடுகளைப்போல் இல்லை. வரிசை பிசகாமல் நிற்கும் மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் மழைக்காகப் பாவாடை மாதிரி பிளாஸ்டிக் தாள். அதன் கீழே ஒரு கிண்ணம். விடியுமுன்பே பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து, பட்டையைச் சாய்வாக ஒரு நூலிழை சீவிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆழமாக வெட்டினால் மரம் பட்டுப்போகும். மேலாக வெட்டினால் பால் வராது. நட்டு ஏழு வருஷம் காத்திருந்தால்தான் முதல் சொட்டு.

"என் டயருக்குக் கிழத்தனம் வந்த வயசில்தான் மரத்துக்கு வாலிபமே தொடங்குகிறது!" என்றேன். மாமா ரசிக்கவில்லை.

பிரேசில் தேசத்து மரம் இது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து எழுபதாயிரம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். முளைத்தவற்றில் பெரும்பாலான கன்றுகள் அதே வருஷம் இலங்கைக்குக் கப்பலேறின. இந்தக் குமரி மலையடிவாரத்தில் கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர்த் தோட்டங்கள் இருக்கின்றன. 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். மரம் வந்த வழியிலேயே மனிதர்களும் வந்திருக்கிறார்கள்.

மாமா கொட்டகையில் எங்களுக்கு எல்லாம் காட்டினார். பாலை வடிகட்டி, தட்டில் ஊற்றி, அமிலம் கலக்கிறார்கள். "மோருக்கு உறை ஊத்துத மாதிரி" என்றார் மாமா. கட்டியானதை உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக் கூண்டில் துண்டு உலர்த்துவதுபோல் தொங்க விடுகிறார்கள். தேன் நிறத்தில் பளபளவென்று வருகிறது. அதைத் தரம் பிரித்து வியாபாரி எடுத்துப் போவார். நாலாம் நம்பர்த் தகடு டயர் ஆலைகளுக்கு.

மாமா என் கார் அருகில் வந்தார். புது டயரைத் தடவிப் பார்த்தார். "எவ்வளவு குடுத்தீரு மருமவனே?"

சொன்னேன்.

"எங்க பாலுக்குக் கிலோ விலை நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. மழை பேஞ்சா வெட்டு கிடையாது. வெட்டுதவனுக்குக் கூலி குடுக்கணும். உம்ம டயருக்கு மட்டும் விலை எறங்கினதா நான் கேட்டதில்ல" என்றார். நான் வரி குறைந்த செய்தியைச் சொன்னேன். "அது எனக்கா வந்துது?" என்றார். பாயிடம் கடைசியில் இருநூறு ரூபாய்க்காக அரைமணி பேரம் பேசியதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னால் நின்ற அவருடைய பழைய ஜீப் என் கண்ணில் பட்டது. ரப்பர்த் தகடுகளைக் கீழே ரோடு வரை கொண்டுபோகிற வண்டி. நாலு டயரும் கண்ணாடி மாதிரி மொட்டை.

"மாமா, இது என்ன?" என்றேன்.

"அதுக்கென்ன? ஓடுதுல்லா?" என்றார் மாமா.

என் பையன் அதற்குள் ஜீப்பின் சக்கரத்தடியில் குந்திவிட்டான். பன்னிரண்டு வயசு, ஜி.பி. ரோடிலிருந்து அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது, வழியில் நின்ற லாரிகளைக்கூட விட்டு வைக்கவில்லை. சேற்றை விரலால் வழித்துவிட்டு உரக்கப் படித்தான்: "ஆறு பதினாறு... தேதி, பூஜ்யம் எட்டு ஒன்று இரண்டு. தாத்தா! 2012-ஆம் வருஷம் எட்டாவது வாரம்! இது என்னைவிட ஒரு வயசு பெரிது!"

"அப்படியா மக்களே?" என்று மாமா குனிந்து பார்த்தார். மலையில் மறுபடி மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜீப் போக வேண்டிய சரிவுப் பாதையை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பேனாவை எடுத்து என் பையனிடம் நீட்டி, "அந்த நம்பரை ஒரு தாளுல எழுதித் தா" என்றார்.